இத்தாலியர்கள் இத்தாலிய மொழி கற்ற வரலாறு: அடுப்பங்கரை, கடிதம், தொலைக்காட்சி

அயல்நாட்டார்க்கு இத்தாலிய மொழியைக் கற்பிக்கும் இன்றைய பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு காப்பிக் கடையில் தொடங்குகின்றன. அடுத்த பாடத்தில் மாணவர் சந்தைக்குப் போகிறார். பின்னர் ஒரு குடும்பத்தின் ஞாயிறு விருந்து, ஒரு சமையற்குறிப்பு, ஓர் ஊர்த் திருவிழா என்று பாடங்கள் நகர்கின்றன. வினைத்திரிபு வாய்பாடு உரையாடலுக்குப் பின்னரே வருகிறது. பிழையாகப் பேசும் மாணவரை எவரும் இகழ்வதில்லை. பிழையும் கற்றலின் ஒரு படி என்றே ஆசிரியர் கருதுகிறார்.

இந்தப் பொறுமை இத்தாலியக் குழந்தைகளுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஃப்ரியூலியின் உழவர் வீட்டிலோ கலாப்ரியாவின் மீனவர் வீட்டிலோ இத்தாலிய மொழி பேசப்பட்டதில்லை. அவ்வீட்டுப் பிள்ளைகள் அதனைப் பள்ளியில்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். உண்மையில் அது அவர்களுக்கு இரண்டாம் மொழி. ஆனால் பள்ளி அதனை அவர்களுடைய தாய்மொழி என்று வைத்துக்கொண்டு கற்பித்தது. அதனால் அடுப்பங்கரையிலும் வயலிலும் அவர்கள் பேசிய சொற்களெல்லாம் பிழைகள் ஆயின. இருந்தும் 100 ஆண்டுகளுக்குள் அந்த நாடு பெரும்பாலும் ஒரே மொழியைப் பேசக் கற்றுக்கொண்டது. அது எவ்வாறு நிகழ்ந்தது, அதற்குரிய விலையை யார் கொடுத்தார்கள் என்பவை மொழிக்கல்வி பயில்வோர் அனைவரும் அறியத்தக்க செய்திகள்.

1. வாயில் வராத நாட்டு மொழி

1861 மார்ச் 17 அன்று இத்தாலிய முடியரசு அறிவிக்கப்பட்டது. அப்போதைய மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம். அவர்களுள் 100க்குச் சுமார் 75 பேர் எழுத்தறியாதவர்கள். புதிய நாட்டின் மொழியைப் பேச வல்லவர்கள் எத்தனை பேர்? மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ 1963இல் வெளியிட்ட ‘ஒன்றுபட்ட இத்தாலியின் மொழி வரலாறு’ என்னும் நூலில் இக்கேள்வியை எழுப்பி, 100க்கு 2.5 பேர் என்று மதிப்பிட்டார். தொடக்கக் கல்விக்கு மேல் பயின்றோரையும், நூல்மொழிக்கு நெருக்கமான பேச்சுடைய டஸ்கனி, ரோம் பகுதிகளின் எழுத்தறிந்தோரையும் மட்டுமே அவர் கணக்கில் கொண்டார். 1982இல் அர்ரிகோ காஸ்தெல்லானி டஸ்கனியின் எழுத்தறியாத மக்களையும் சேர்த்து, அந்த அளவை ஏறத்தாழ 10 ஆக உயர்த்தினார். எந்தக் கணக்கை ஏற்றாலும் 10 பேரில் 9 பேருக்கு நாட்டு மொழி வாயில் வராத மொழி.

ஏனையோர் பேசியவை நேப்பிள்ஸ், வெனிஸ், மிலான், சிசிலி முதலிய நிலங்களின் மொழிகள். இவற்றை வட்டார வழக்குகள் என்று சொன்னால், இத்தாலிய மொழியிலிருந்து கிளைத்தவை என்ற எண்ணம் எழும். அவ்வெண்ணம் தவறு. அவையும் இத்தாலிய மொழியும் லத்தீனிலிருந்து தனித்தனியே வளர்ந்த உடன்பிறப்புகள். ஃபுளோரன்ஸ் நகரத்தின் பேச்சு, தன்னில் எழுந்த இலக்கியங்களின் புகழால் ஏனையவற்றினும் உயர்ந்து நாட்டு மொழியாயிற்று. அரண்மனையும் இதற்கு விலக்கன்று. முதல் அரசர் இரண்டாம் விக்தர் இம்மானுவேல் பீட்மாண்ட் மொழியையும் பிரெஞ்சையுமே இயல்பாகப் பேசினார். நாட்டை ஒன்றுபடுத்திய முதலமைச்சர் கவூருக்கும் பிரெஞ்சே எளிதாக இருந்தது.

2. செவிலியின் பேச்சும் செத்தவர்களின் பேச்சும்

இத்தாலிய மொழியின் மிகப் பழைய சான்றுகள் கவிதையில் இல்லை; ஒரு நிலவழக்கில் இருக்கின்றன. 960ஆம் ஆண்டு காப்புவா நகரில், மொந்தே காசினோ மடத்தின் நிலத்தைப் பற்றிய வழக்கொன்றில் சாட்சிகள் கூறிய உறுதிமொழியை, லத்தீன் ஆவணத்தின் நடுவே அவர்கள் பேசிய மொழியிலேயே எழுத்தர் பதிவுசெய்தார். மக்கள் மொழி முதலில் ஏட்டில் ஏறியது அன்றாடத் தேவையின் பொருட்டே.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாந்தே, மக்கள் மொழியின் சிறப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கற்றோரை நோக்கி எழுதியதால் அதனை லத்தீனில் எழுதினார். விதி எதுவுமின்றிச் செவிலியரின் வாய்பார்த்துக் குழந்தைகள் கற்கும் மொழி ஒன்று. காலம் செலவிட்டுப் பயின்று பெறும் இலக்கண மொழி மற்றொன்று. இவ்விரண்டில் முன்னதே மேன்மையானது என்பது அவர் துணிபு. இத்தாலிய நிலத்தின் 14 பேச்சுகளை அவர் அந்நூலில் ஆராய்ந்தார். தம் ஊரான ஃபுளோரன்சின் பேச்சையும் அவர் விட்டுவைக்காமல் குறைகூறினார் என்பது குறிப்பிடத்தக்கது.

பின்வந்தோர் அந்தத் துணிபை ஏற்கவில்லை. 1525இல் வெனிஸ் நகரத்தவரான பியெத்ரோ பெம்போ, செய்யுளுக்குப் பெட்ரார்க்கும் உரைநடைக்குப் பொக்காச்சியோவும் முன்மாதிரிகள் என்று வரையறுத்தார். இருவரும் மறைந்து அப்போது 150 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃபுளோரன்சின் தெருக்களில் அன்று கேட்ட பேச்சை அவர் நாடவில்லை. நூல்களில் உறைந்திருந்த முன்னோர் பேச்சையே நாடினார். 1583இல் ஃபுளோரன்சில் தோன்றிய க்ரூஸ்கா கழகம், 1612இல் வெளியிட்ட பேரகராதியால் இந்நெறியை நிலைநாட்டியது. க்ரூஸ்கா என்றால் தவிடு. தவிட்டை நீக்கி நல்ல மாவைச் சலித்தெடுப்பதுபோல நல்ல சொல்லைத் தேர்ந்தெடுப்பதே கழகத்தின் நோக்கம். உறுப்பினர்களின் இருக்கைகள்கூட ரொட்டிக் கூடையின் வடிவில் அமைந்திருந்தன. மாவரைப்போரின் தொழிலிலிருந்து உவமையை எடுத்துக்கொண்ட கழகம், மாவரைப்போர் பேசிய மொழியின் பெரும்பகுதியைத் தவிடாகவே கண்டது.

எழுதும் மொழிக்கும் பேசும் மொழிக்கும் இடையிலான இத்தகைய பிளவு தமிழ் படிப்போருக்குப் புதிதன்று. அப்பிளவைத் தமிழில் முதலில் முறையாகப் பிரித்து இலக்கணம் செய்தவர்களுள் ஒருவர் ஓர் இத்தாலியர். 1680இல் மாந்துவா அருகிலுள்ள காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, தமிழகத்தில் வீரமாமுனிவர் ஆனார். 1728இல் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் 1730இல் செந்தமிழுக்கு மற்றோர் இலக்கணமும் லத்தீனில் எழுதினார். அவர் பிறந்த மண்ணிலும் மக்கள் வீட்டில் பேசியது ஒன்று, கற்றோர் ஏட்டில் எழுதியது வேறொன்று. அத்தகைய நிலத்திலிருந்து வந்த ஒருவரின் கண்ணுக்குத் தமிழின் இருநிலை புலப்பட்டதில் வியப்பில்லை.

3. மான்சோனியும் அஸ்கோலியும்

அலெஸ்ஸாந்த்ரோ மான்சோனி மிலான் நகரத்தவர். அவர் வீட்டில் பேசியது மிலான் மொழி. அறிஞரோடு உரையாடப் பிரெஞ்சு. 1827இல் வெளிவந்த ‘மணம் உறுதிசெய்யப்பட்டோர்’ என்னும் தம் புதினத்தை, அகராதிகளையும் பழைய நூல்களையும் துணைக்கொண்டே அவர் எழுதினார். அவ்வாண்டே ஃபுளோரன்சுக்குச் சென்று அவ்வூர் மக்களின் பேச்சைச் செவிமடுத்தார். பின்னர் பல்லாண்டுகள் உழைத்து, நூல் முழுவதையும் அப்பேச்சுக்கு ஏற்பத் திருத்தி, 1840 முதல் 1842 வரை மீண்டும் வெளியிட்டார். ஆர்னோ ஆற்றில் துணி அலசியது என்று அவரே இந்தத் திருத்தத்தைக் குறிப்பிட்டார். அலச உதவியவர்களுள் ஒருவர் எமிலியா லூத்தி, ஃபுளோரன்சிலிருந்து வந்து மிலானில் பிள்ளைகளைப் பராமரிக்கும் பணியில் இருந்த பெண். நூலின் ஒரு படியை அவருக்கு அளித்தபோது, தம் கந்தல்களை ஆர்னோவில் அலசித் தந்தவர் என்று மான்சோனி நன்றி எழுதினார். தாந்தே குறிப்பிட்ட செவிலி 500 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மொழியாசிரியர் ஆனார்.

1868இல் கல்வி அமைச்சர் ப்ரோலியோவின் வேண்டுகோளின்படி மான்சோனி ஓர் அறிக்கை அளித்தார். ஃபுளோரன்சின் அன்றைய பேச்சே நாட்டு மொழியாக வேண்டும். அதற்கோர் அகராதி வேண்டும். டஸ்கனி ஆசிரியர்களை நாடெங்கும் அனுப்ப வேண்டும் என்பன அவருடைய பரிந்துரைகள். அதன்வழி 1870இல் வெளிவரத் தொடங்கிய அகராதியின் தலைப்பிலேயே பூசல் தொடங்கியது. ‘புதிய’ என்னும் பொருள்பட ஃபுளோரன்சில் ‘நோவோ’ என்பர்; இத்தாலி முழுவதும் எழுதுவோர் ‘நுவோவோ’ என்பர். அகராதி ‘நோவோ’ என்று தலைப்பிட்டுக்கொண்டது.

1873இல் மொழியியலாளர் கிராசியாதியோ அஸ்கோலி இந்த ஓர் உயிரொலியைப் பிடித்துக்கொண்டு முழுத் திட்டத்தையும் மறுத்தார். ஒரு நகரத்தின் பேச்சை ஆணையால் பரப்பி மொழி ஒற்றுமையை உண்டாக்க முடியாது. நாடெங்கும் கல்வியும் தொழிலும் சிந்தனையும் பெருகி மக்கள் ஒருவரோடொருவர் கலந்து பழகும்போது அது தானே விளையும் என்பது அவர் வாதம். ஜெர்மனி அவருக்குச் சான்று. வீட்டு மொழியும் நாட்டு மொழியும் ஆகிய இரண்டையும் உடைய குழந்தை அறிவுநிலையில் நற்பேறு பெற்றது என்றும் அவர் கருதினார். அக்கருத்தைப் பள்ளிகள் பொருட்படுத்த ஏறத்தாழ 100 ஆண்டுகள் ஆயின.

4. பள்ளியின் சிவப்பு மை

1859இன் கசாத்தி சட்டமும் 1877இன் கொப்பினோ சட்டமும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கின. பின்னது 6 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டமும் விதித்தது. சட்டம் வந்த அளவுக்குப் பள்ளிக்கூடங்கள் வரவில்லை. தென்னிலத்தில் பல ஊர்களில் கட்டடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. இருந்த ஆசிரியர்களிலும் பலர் வட்டார மொழியிலேயே பாடம் நடத்தினர். அவர்கள் அறிந்த மொழி அதுவே.

வீட்டு மொழியை அடித்துத் துரத்தவேண்டிய களையாகக் கல்வித்துறை கண்டது. கட்டுரையில் அதன் சாயல் தெரிந்தால் சிவப்பு மை ஓடும். பொதுப்பேச்சின் எளிய சொல்லை விலக்கி நூலாட்சியுள்ள அரிய சொல்லை எழுதுவதே நல்ல மாணவனின் அடையாளம் ஆயிற்று. இவ்வாறு பயின்ற பிள்ளைகள் ‘வீட்டுக்குப் போனேன்’ என்று எழுத அஞ்சி, ‘இல்லம் ஏகினேன்’ என்று எழுதுவதற்கு ஒப்பான மொழியைக் கற்றார்கள். அம்மொழியில் அவர்களால் தேர்வெழுத முடிந்தது. காய்கறி வாங்க முடியவில்லை.

5. சமையற்கட்டின் அகராதி

1891இல் ஃபுளோரன்சில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. எழுதியவர் பெல்லெக்ரீனோ ஆர்தூசி, பட்டு வணிகத்திலிருந்து ஓய்வுபெற்ற 71 வயது முதியவர். ரொமாஞ்ஞா நிலத்து ஃபோர்லிம்போபொலியில் பிறந்து ஃபுளோரன்சில் குடியேறியவர். பதிப்பாளர் எவரும் முன்வராமையால் சொந்தச் செலவில் 1,000 படிகள் அச்சிட்டார். ‘சமையலறையில் அறிவியலும் நன்றாக உண்ணும் கலையும்’ என்பது தலைப்பு. முதற்பதிப்பில் 475 குறிப்புகள் இருந்தன. 1911இல் அவர் மறைவதற்குள் நூல் 14 பதிப்புகளைக் கண்டு 790 குறிப்புகளாக வளர்ந்தது. நாடெங்கும் இருந்து இல்லத்தரசிகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். தங்கள் ஊர்ப் பக்குவத்தை அனுப்பினார்கள். செய்துபார்த்துத் தவறியதைச் சுட்டினார்கள். அவர் திருத்திக்கொண்டே வந்தார்.

மொழி நோக்கில் இந்நூல் மிக முக்கியமானது. அன்று மேட்டுக்குடிச் சமையலின் மொழி கலப்பட பிரெஞ்சு. எளியோர் சமையலின் மொழி அந்தந்த ஊர்ப் பேச்சு. பாத்திரத்துக்கும் கீரைக்கும் இறைச்சித் துண்டுக்கும் ஊருக்கொரு பெயர். ஆர்தூசி இவ்விரண்டுக்கும் நடுவே டஸ்கனிப் பேச்சில் எளிய, நகைச்சுவை கலந்த உரைநடையை அமைத்தார். எல்லோருக்கும் விளங்காத டஸ்கனிச் சொற்களுக்கு நூலின் முகப்பிலேயே ஒரு சொற்பட்டியல் தந்தார்.

கச்சூக்கோ என்னும் மீன் குழம்பைப் பற்றிய குறிப்பில் அவர் நோக்கம் வெளிப்படையாகிறது. டஸ்கனியிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் மட்டுமே இச்சொல் விளங்கும். அத்ரியாட்டிக் கரையில் அதே குழம்புக்கு ப்ரொதெத்தோ என்று பெயர். ஃபுளோரன்சிலோ ப்ரொதெத்தோ என்றால் முட்டையும் எலுமிச்சையும் சேர்த்த வேறொரு சாறு. இக்குழப்பத்தை எடுத்துக்காட்டிவிட்டு, நாடு ஒன்றானபின் பேச்சும் ஒன்றாவதைப் பற்றி எண்ணவேண்டாமா, அதைப் பற்றிக் கவலைப்படுவோர் சிலராகவும் தடுப்போர் பலராகவும் இருக்கிறார்களே என்று வருந்துகிறார். மீன் குழம்பின் நடுவே மொழிக்கொள்கை பேசப்படுகிறது. 1970இல் இந்நூலைப் பதிப்பித்த பியேரோ கம்போரேசி, நாட்டு ஒற்றுமைக்கு மான்சோனியின் புதினத்தைவிட இச்சமையல் நூல் ஆற்றிய பணி பெரிது என்று மதிப்பிட்டார்.

சமையற்கட்டின் கல்வி ஒருவழிப் பாதையாகவும் அமையவில்லை. நேப்பிள்ஸ் பீட்சாவையும் மொத்சரெல்லாவையும் தந்தது. மிலான் பனெத்தோனேயையும், பீட்மாண்ட் க்ரிஸ்ஸீனியையும், சிசிலி கஸ்ஸாத்தாவையும் தந்தன. இன்று உலகெங்கும் இத்தாலிய வணக்கமாகக் கேட்கும் ‘சாவ்’ என்னும் சொல், ‘உங்கள் அடிமை’ என்னும் பொருளில் வெனிஸ் மொழியில் பிறந்தது. க்ரூஸ்காவின் சல்லடையில் தவிடாக நின்றிருக்கக்கூடிய சொற்கள் உணவு மேசையின் வழியாக நாட்டு மொழிக்குள் நுழைந்தன.

6. பசியை எழுதுதல்

1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் இத்தாலியர் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றனர். கணவன் புவெனஸ் ஐரிசில், மனைவி மலையூரில் என்றான பின் எழுத்து ஆடம்பரமாக இல்லாமல் தேவையாயிற்று. கூலி எவ்வளவு, பணம் வந்ததா, ஆடு விற்றதா, குழந்தை நடக்கிறதா என்பவற்றைப் பிறர் கையால் எழுதுவிப்பது எவருக்கும் விருப்பமில்லை. படிப்பறியாதவன் அயல்நாட்டில் ஏமாற்றப்படுகிறான் என்ற செய்தியும் ஊர் திரும்பியோர் வாயிலாகப் பரவியது. கொப்பினோ சட்டத்தின் தண்டம் செய்யாததைக் கப்பல் பயணம் செய்தது என்பது தெ மௌரோவின் ஆய்வு தரும் முடிவுகளுள் ஒன்று.

அடுத்து முதல் உலகப் போர். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் படையில் சேர்க்கப்பட்டனர். சார்தீனியரும் வெனித்தியரும் சிசிலியரும் ஒரே பதுங்குகுழியில் கிடந்தபோது அவர்களுக்குப் பொதுமொழி ஒன்று வேண்டியிருந்தது. பாசறையில் உருவான அந்தக் கலப்பு இத்தாலிய மொழி எந்த இலக்கணத்திலும் இல்லை. போர்க்காலத்தில் படை அஞ்சல் வழியாகச் சென்ற மடல்களும் அஞ்சலட்டைகளும் ஏறத்தாழ 400 கோடி. பேனா பிடித்தறியாத கைகள் எழுதியவை அவற்றுள் ஏராளம்.

அவற்றின் அருமையை முதலில் உணர்ந்தவர் எதிரிநாட்டு மொழியியலாளர். லியோ ஸ்பிட்சர் வியன்னாவின் தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றி, ஆஸ்திரியாவிடம் சிறைப்பட்ட இத்தாலிய வீரர்களின் கடிதங்களைப் படித்தார். சிறையில் உணவு போதவில்லை என்று எழுதினால் தணிக்கை தடுக்கும். ஆகவே பசி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, வீட்டார்க்கு மட்டும் விளங்கும்படி அதனைச் சுற்றிவளைத்துச் சொல்லும் வழிகளைச் சிறைப்பட்டோர் கண்டுபிடித்தார்கள். ரொட்டி அனுப்பச் சொல்வதற்கே இவ்வளவும். ஸ்பிட்சர் அவ்வழிகளை மட்டுமே தொகுத்து 1920இல் ஒரு தனிநூல் வெளியிட்டார். மறு ஆண்டில் கடிதங்களைப் பற்றிய விரிவான நூல் வந்தது. எழுத்துப்பிழை மலிந்த அக்கடிதங்களில் குறிப்புமொழியும் உருவகமும் செழித்திருந்தன. பள்ளி இவர்களை மொழியற்றவர்கள் என்று கணித்திருந்தது. பசி வந்தபோது அவர்கள் எழுத்தாளர்களாயினர்.

7. ஆணையின் காலம்

1923இன் பள்ளித் திட்டத்தில் ஜுசெப்பே லொம்பார்தோ ராதீச்சே, வட்டார மொழியிலிருந்து நாட்டு மொழிக்குச் செல்லும் மொழிபெயர்ப்புப் பயிற்சியைப் புகுத்தினார். குழந்தையின் சொந்த மொழி வகுப்பறையில் வரவேற்கப்பட்ட அரிய காலம் அது. பாசிச அரசு விரைவில் அதனைக் கைவிட்டது. தென் டிரோலில் ஜெர்மன் வழிப் பள்ளிகள் அகற்றப்பட்டன; பெற்றோர் வீடுகளில் மறைவாகத் தாய்மொழி வகுப்புகள் நடத்தினர். ஊர்ப்பெயர்கள் இத்தாலியப் பெயர்களாக மாற்றப்பட்டன. அயற்சொற்கள் விலக்கப்பட்டன. 1938இல் மரியாதை முன்னிலைச் சொல்லான ‘லேயி’க்குப் பதில் ‘வோயி’ என்றே சொல்லவேண்டும் என்ற ஆணையும் வந்தது. அரசு வீழ்ந்தது, மக்கள் ‘லேயி’ என்றே மீண்டும் அழைத்துக்கொண்டனர்.

8. மாலை வகுப்பு

1951இல் எழுத்தறியாதோர் 100க்கு 13 பேராகக் குறைந்திருந்தனர். ஆயினும் பொதுமொழி இன்னும் உறுதியடையவில்லை. 1956இல் ராபர்ட் ரூயெக் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. 54 மாகாணங்களைச் சேர்ந்த 124 பேரிடம் 242 அன்றாடப் பொருள்களுக்கும் கருத்துகளுக்கும் இத்தாலிய மொழியில் என்ன சொல் என்று அவர் கேட்டார். அனைவரும் ஒரே சொல்லைக் கூறியது ஒன்றே ஒன்றுக்கு: கடையில் அருந்தும் கடுங்காப்பியான எஸ்பிரஸ்ஸோவுக்கு. இன்றும் தர்ப்பூசணி வடக்கே அங்கூரியா, நடுநாட்டில் கொகோமெரோ, தெற்கே ‘தண்ணீர் முலாம்பழம்’.

அப்போது மூன்று மாற்றங்கள் ஒன்றுசேர்ந்தன. தென்னிலத்து உழவர்கள் தூரினுக்கும் மிலானுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் பெருந்திரளாகச் சென்றனர். 1962இன் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நடுநிலைப் பள்ளியை உருவாக்கியது. இவற்றுக்கு முன்பே, 1954 ஜனவரி 3 அன்று தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. தனியார் வீடுகளில் பெட்டி அரிது. 1955இல் தொடங்கிய வினாடிவினா நிகழ்ச்சியைக் காண மக்கள் காப்பிக் கடைகளிலும் திரையரங்குகளிலும் கூடினர். பலர் இயல்பாகப் பேசப்படும் இத்தாலிய மொழியை நாள்தோறும் கேட்டது அங்கேதான்.

1960 நவம்பரில் ‘எப்போதும் காலம் கடந்துவிடவில்லை’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. எழுத்தறியாத முதியோருக்கான வகுப்பு அது. நடத்தியவர் அல்பெர்த்தோ மான்சி. ரோமில் சிறார் சிறையில் பாடம் சொல்லித் தொடங்கிய தொடக்கப்பள்ளி ஆசிரியர். பெரிய தாளில் கரித்துண்டால் சில கோடுகள் இழுப்பார். அது என்ன படமாகும் என்று பார்ப்போர் காத்திருக்கும்போதே சொல் பிறக்கும், பின் எழுத்து வரும். நிகழ்ச்சி 1968 வரை நீடித்தது. வேலை முடிந்த மாலைகளில் ஊர்தோறும் அமைந்த பார்வையிடங்களில் முதியோர் கூடிக் கற்றனர். ஏறத்தாழ 15 லட்சம் பேர் இதன் உதவியால் தொடக்கக் கல்விச் சான்றிதழ் பெற்றனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

9. பார்பியானாவின் வழக்குரை

ஃபுளோரன்சுக்கு வடக்கே மலைமேல் இருக்கும் சிற்றூர் பார்பியானா. 1954இல் அங்கு அனுப்பப்பட்ட பாதிரியார் லொரேன்சோ மிலானி, அரசுப் பள்ளி கைவிட்ட உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். நாளிதழே அங்கு முக்கியப் பாடநூல். ஒவ்வொரு சொல்லும் விளங்கும்வரை வாசிப்பு நகராது. 1967 மே மாதம் அம்மாணவர்கள் கூட்டாக எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ வெளிவந்தது. அடுத்த மாதம் மிலானி மறைந்தார்.

யார் தேர்ச்சி பெறுகிறார்கள், யார் நிறுத்தப்படுகிறார்கள் என்பதைப் புள்ளிவிவரங்களோடு அந்நூல் காட்டியது. நிறுத்தப்பட்டோரில் உழவர், கூலியாளர் பிள்ளைகளே மிகுதி. காரணம் பெரும்பாலும் மொழி. மொழியை உண்டாக்குவோரும் புதுப்பிப்போரும் ஏழைகள். அதனை உறையவைத்து, தம்மைப்போலப் பேசாதவனை எள்ளுவோர் செல்வர் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அவர்களும் டஸ்கனியில் பிறந்தவர்களே என்பது கவனத்துக்குரியது. மான்சோனி தேடி வந்த நிலத்தின் பிள்ளைகளே மொழியின் பேரால் தோற்கடிக்கப்பட்டனர் என்றால், அங்கே அளக்கப்பட்டது மொழியறிவு மட்டுமன்று, குடிப்பிறப்பும் அளக்கப்பட்டது.

1975இல் தெ மௌரோவும் அவருடன் இயங்கிய ஆசிரியர்களும் மக்களாட்சி மொழிக்கல்விக்கான பத்துக் கோட்பாடுகளை வெளியிட்டனர். மாணவனின் வீட்டு மொழியிலிருந்தே கற்பித்தல் தொடங்கவேண்டும் என்பது அவற்றின் உள்ளுறை. அஸ்கோலியின் குரல் அப்போதுதான் வகுப்பறையை எட்டியது.

10. விலை

1974இன் ஒரு கணக்கெடுப்பில், வீட்டில் எல்லோருடனும் வட்டார மொழியே பேசுவோர் பாதிக்குச் சற்று மேல். 2015இல் அரசுப் புள்ளியியல் நிறுவனம் எடுத்த கணக்கில் அது 100க்கு 14 ஆகச் சுருங்கியது. இரண்டையும் கலந்து பேசுவோர் 32 பேர், பெரும்பாலும் இத்தாலிய மொழியே பேசுவோர் 46 பேர். பியெர் பவோலோ பசோலினி ஃப்ரியூலி மொழியில் கவிதை எழுதித் தொடங்கியவர். வடக்கின் தொழிற்சாலைகளிலிருந்து எழும் புதிய தேசிய மொழி உழவர் மொழிகளை விழுங்கிவிடும் என்று 1964இலேயே அவர் எச்சரித்தார். 1999இன் 482ஆம் சட்டம் இத்தாலிய மொழியை ஆட்சிமொழியாக அறிவித்து, 12 சிறுபான்மை மொழிகளுக்குப் பாதுகாப்பும் வழங்கியது. சார்தீனிய மொழியும் ஃப்ரியூலி மொழியும் அப்பட்டியலில் உள்ளன. நேப்பிள்ஸ், சிசிலி, வெனிஸ் மொழிகள் இல்லை.

வட்டார மொழி பேசிய பெற்றோர் பலர், பிள்ளை பள்ளியில் தலைகுனியக் கூடாது என்று தம் மொழியை அவர்களிடம் பேசாமல் விட்டனர். பொதுமொழியைக் கற்பதற்கு வீட்டு மொழியை இழக்கவேண்டும் என்ற கட்டாயம் மொழியின் இயல்பில் இல்லை. சிவப்பு மை அதனை உண்டாக்கியது.

இன்று இத்தாலிய மொழியை அன்றாட வாழ்வின் வழியாகக் கற்போரில் இந்தியர்களும் உள்ளனர். வீரமாமுனிவர் பிறந்த மாந்துவா மாகாணத்திலும் அதனை அடுத்த க்ரெமோனா, ரெஜ்ஜோ எமிலியா மாகாணங்களிலும் மாட்டுத் தொழுவங்களில் பால் கறக்கும் வேலையில் பஞ்சாபியர் பல்லாயிரவர் இருக்கின்றனர். உலகப் புகழ்பெற்ற பார்மிஜானோ, கிரானா பதானோ பாலாடைக்கட்டிகள் அவர்கள் உழைப்பையும் நம்பியிருக்கின்றன. லொம்பார்தி நிலத்துப் பழைய கறவைக்காரரைக் குறித்த ‘பெர்காமீனோ’ என்னும் பெயரே இன்று அவர்களையும் குறிக்கிறது. பசுவின் நோய், தீவனத்தின் வகை, கறவை நேரம் ஆகியவற்றுக்கான சொற்களை அவர்கள் தொழுவத்திலேயே கற்றனர். அவற்றுள் சில லொம்பார்தியின் வீட்டு மொழிக்கு உரியவை.

2010 முதல் நீண்டகாலக் குடியிருப்பு அனுமதிக்கும், 2018 முதல் அதைவிட உயர்ந்த படியில் குடியுரிமைக்கும் இத்தாலிய மொழித் தகுதியைச் சான்றிதழால் மெய்ப்பிக்க வேண்டும் என்பது சட்டம். விடியுமுன் எழுந்து இருவேளை கறந்துவிட்டு வரும் ஒருவர் மாலையில் அத்தேர்வுக்குப் படிக்கிறார். தொழுவத்தில் கற்ற மொழிக்கு அத்தேர்வு எவ்வளவு இடம் தருகிறது என்பதே, பார்பியானாவின் பிள்ளைகள் எழுப்பிய கேள்வியின் இன்றைய வடிவம்.